மஞ்சள் கோட்டிலிருந்து ஐந்து அங்குலம்

வரி என்ற சொல்லைக் கேட்டாலே ஊரில் பாதிப் பேருக்கு முகம் கோணும். ஆடிட்டரம்மாவுக்கு மட்டும் அதுதான் சோறு. பதினெட்டு வருஷமாக அடுத்தவர்கள் கட்டவேண்டிய வரியைக் கூட்டிக் கழித்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். குத்துச்சண்டை அவளுக்கு அடியோடு ஆகாது. ஆனால் தலையெழுத்தைப் பாருங்கள்: வாழ்க்கைப்பட்டது ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளருக்கு, கூடப்பிறந்த ஒரே தம்பி குத்துச்சண்டைக்காரன், சம்பளம் வாங்குவதோ போட்டி நடத்துகிற முதலாளியிடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கையுறை தொங்கும்.

புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தம்பிக்குக் கூட்டம் வைத்த பெயர் சுருட்டை, தலைமுடி அப்படி. முதலாளிக்கு அவர் காதுபடாமல் அலுவலகத்தில் வழங்கிய பெயர் சில்லறை. கோடிக்கணக்கில் போட்டி நடத்துவார், காப்பிக்காரனிடம் எட்டணா மீதிக்கு நின்று சண்டை போடுவார். மனுஷன் கெட்டவரில்லை. கணக்கு உதைத்தால் மட்டும் அவருக்குப் பெற்ற தாயும் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வருஷம் சுருட்டைக்கு முப்பத்து நாலு வயதில் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு வந்தது. பட்டம் வைத்திருந்தவன் வெளிநாட்டுக்காரன். ஒப்பந்தத்தில் இரண்டு இடம் போட்டிருந்தது. முதல் இடம் சொந்த ஊர். அங்கே நடத்த முடியாமல் போனால் பத்து நாள் கழித்துக் கடல் தாண்டி இன்னொரு நகரம். அந்த நகரத்தில் வரி என்ற பேச்சே கிடையாது.

மின்விசிறி கடகடவென்று ஆடும் தன் அறையில் ஆடிட்டரம்மாவை உட்காரவைத்து முதலாளி புலம்பினார்.

"நம்ம ஊர்ல டிக்கெட் பத்துக் கோடிக்கு விக்கும்னு வச்சுக்குங்க. மாநகராட்சிக்குக் கேளிக்கை வரி நூத்துக்கு இருபத்தஞ்சு. ரெண்டரைக் கோடி சுளையாப் போச்சு. அது போக, அந்த சாம்பியன் எட்டுக் கோடி கையில நிக்கணுங்கறான். அவனுக்குப் பிடிக்கவேண்டிய வருமான வரி நூத்துக்கு இருபது. அதுவும் என் தலையில. ஒண்ணரைக்கு மேல ஆயிடும்."

"ரெண்டு கோடி சார்."

"எப்படிம்மா? எட்டுல இருபது சதவீதம் ஒண்ணு அறுபதுதானே?"

"அவர் கையில எட்டு நிக்கணும்னா நீங்க பத்து குடுத்ததாதான் கணக்கு. பத்துக்கு வரி ரெண்டு. மிச்சம் எட்டு."

முதலாளி ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். "நீங்க எனக்கு ஆடிட்டரா, இல்ல அரசாங்கத்துக்கா?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "ஒரு வாரம் தரேன். எங்கயாவது ரெண்டு கோடி மிச்சம் பிடிச்சுக் காட்டுங்க, இங்கயே நடத்தலாம். இல்லன்னா எல்லாரும் விமானம் ஏற வேண்டியதுதான்."

எல்லோரும் ஏறலாம். மாஸ்டர் ஏற முடியாது. சிக்கலே அங்கேதான் இருந்தது.

மாஸ்டருக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்து அப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்து அனுப்பியிருந்தார்கள். விமானம் மேலே ஏறினால் குமிழி உப்பும், பார்வை போய்விடும். எட்டு வாரத்துக்கு விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று கண் டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். சொந்த ஊர்ப் போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. கடல் தாண்டிப் போனாலும் ஆறரை வாரம்தான் ஆகும்.

"கப்பல்ல போறேன்" என்றார் மாஸ்டர், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு.

"அந்தப் பக்கம் சரக்குக் கப்பல்தாங்க போகுது. வெங்காய மூட்டையோட உங்களையும் ஏத்திவிடவா?"

கிண்டலாகச் சொன்னாளே தவிர அவளுக்குப் பழசு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுருட்டை ஒருமுறை வெளிநாடு போய்ச் சண்டை போட்டான். மாஸ்டருக்கு அப்போது விசா கிடைக்கவில்லை. சண்டை மேடையின் மூலையில், மாஸ்டர் நிற்கவேண்டிய இடத்தில், கூலிக்கு ஒருத்தன் நின்றான். ஆறாவது சுற்றிலேயே பையனுக்குக் கால் நிற்கவில்லை என்பது கைப்பேசியில் பார்த்த அக்காவுக்கே தெரிந்தது. கூலிக்கு வந்தவன் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது சுற்றில் விழுந்தவன் நாற்பது விநாடி அசையவில்லை. அந்த நாற்பது விநாடியில் ஆடிட்டரம்மா செத்துப் பிழைத்தாள். பட்டமாவது மண்ணாவது, தம்பி மூலையில் அவன்மேல் உயிரை வைத்திருக்கிற ஒருத்தர் நிற்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு இரண்டு கோடி தேவைப்பட்டது.

ஐந்து நாள் அவள் பழைய சுற்றறிக்கைகளையும் தீர்ப்புகளையும் தோண்டினாள். தூசியில் தும்மல், தும்மலில் தலைவலி, தலைவலியில் பிள்ளைகள் மேல் எரிச்சல். ஆறாம் நாள் ஒரு சர்க்கஸ் கம்பெனி வழக்கு கையில் கிடைத்தது. இரண்டு ஊர் எல்லையில் கூடாரம் அடித்தவர்கள் எந்த ஊருக்கு வரி கட்டுவது? தீர்ப்பு தெளிவாக இருந்தது: ஆட்டம் நடக்கும் மேடை முழுக்க எந்த எல்லைக்குள் நிற்கிறதோ அந்த ஊருக்கே வரி. பார்க்கிறவன் எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. மேடை கோட்டைத் தாண்டினால் மட்டும் இரண்டில் எது அதிகமோ அந்த வரி.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய கண்காட்சி மண்டபம் இருக்கிறது. அதன் நடுவே மாநகராட்சி எல்லை ஓடுகிறது. சொத்து வரியைப் பிரித்துக் கட்டுவதற்காக மண்டபக்காரர் தரையில் மஞ்சள் கோடே போட்டுவைத்திருக்கிறார். கோட்டுக்கு மேற்கே மாநகராட்சி, நூற்றுக்கு இருபத்தைந்து. கிழக்கே பக்கத்து நகராட்சி, நூற்றுக்கு ஐந்து.

"பத்துக் கோடிக்கு அம்பது லட்சம்தான் சார். அங்க ரெண்டு கோடி மிச்சம், சாம்பியன் வரிக்கு ரெண்டு கோடி செலவு. சரியாப் போச்சு."

முதலாளி அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "ஆடிட்டரம்மா, நீங்க பொறந்த நேரத்துல என் சொந்தக்காரன் ஒருத்தனும் பொறக்கலையே" என்று உருகினார். உருகின கையோடு கண்டிப்பும் வந்தது. "ஆனா ரிங் ரொம்ப கிழக்க போகக் கூடாது. அந்தப் பக்கம் செவுரு கிட்ட. ஒரு அடி நகந்தா ஒரு வரிசை நாற்காலி போகும். கோட்டை ஒட்டியே போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனைக் கேட்டாள்: "ஏங்க, ரிங் எத்தனை அடி?"

"இருபது" என்றார் மாஸ்டர். முப்பது வருஷ அனுபவம், யோசிக்கக்கூட இல்லை.

இருபதில் பாதி பத்து. கோட்டுக்கும் ரிங்குக்கும் ஒரு அடி இடைவெளி. ஆக ரிங்கின் நடுப்புள்ளி கோட்டிலிருந்து பதினோரு அடி. அவள் வரைபடத்தில் புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து நகராட்சி அனுமதி கொடுத்தது. டிக்கெட் அச்சாகி மளமளவென்று விற்றது. பல நாள் கழித்து முதல்முறையாக அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சாம்பியன் ஊர்த் தொலைக்காட்சியின் வசதிக்காகப் போட்டி பகல் மூன்று மணிக்கு. முந்தின நாள்வரை மண்டபத்தில் மரச்சாமான் கண்காட்சி இருந்ததால், ரிங்கை அன்று விடியற்காலையில்தான் பூட்டினார்கள். காலை ஒன்பதரைக்கு, கையில் அளவு நாடாவோடு மாநகராட்சி வரி அதிகாரி வந்து நின்றார். ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை.

"நான் ரெண்டு டிக்கெட் வாங்கினேம்மா, எனக்கும் மச்சினனுக்கும்" என்றார். "வரி அஞ்சு சதவீதம்னு போட்டிருந்தது. எங்க ஊர்ல ஏது அஞ்சுன்னு தோணுச்சு. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தாராளமா அளங்க சார்" என்றாள் ஆடிட்டரம்மா. கணக்கில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அவர் குனிந்தார். நாடாவை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். "மேடை கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி வந்திருக்கேம்மா."

"வராது சார். இருபது அடி ரிங்."

"இருபத்தி நாலு இருக்கு."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கயிற்றுக்கு உள்ளே இருபது அடி, சரிதான். ஆனால் கயிற்றுக்கு வெளியே நாலு பக்கமும் இரண்டிரண்டு அடிக்குப் பலகை நீண்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அவள் திரும்பி மாஸ்டரைப் பார்த்த பார்வையில் அவருக்கு இருந்த இன்னொரு கண்ணும் போயிருக்கும்.

"இருபதுன்னீங்களே!"

"இருபதுதாம்மா. உள்ளே அளந்துதான் சொல்லுவோம். கயிறுக்கு வெளிய இருக்கறதை எந்த பாக்ஸராவது ரிங்குன்னு சொல்லுவானா?"

"வெளிய இருக்கறதும் பலகைதானே, ஆகாசமா? யாராவது அதுல நிக்கறதில்லையா?"

"நான்தான் நிப்பேன்" என்றார் மாஸ்டர் குரல் தாழ்ந்து. முப்பது வருஷமாகச் சுற்றுக்குச் சுற்று அந்த இரண்டடிப் பலகையில்தான் நிற்கிறார். அதை அளவில் சேர்க்கவேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவருக்கென்ன, அந்த ஊரில் கையுறை மாட்டிய யாருக்கும் தோன்றியதில்லை.

அதிகாரி தீர்ப்பின் நகலைத் தானே வைத்திருந்தார். மேடை கோட்டைத் தாண்டினால் அதிக வரி. "ரெண்டு கோடி கூடுதல். பன்னெண்டு மணிக்குள்ள கட்டலைன்னா நான் சீல் வைக்கணும்மா. என் கையில ஒண்ணும் இல்ல." மனுஷர் மிரட்டவில்லை, நிஜமாகவே சங்கடப்பட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முதலாளியின் முகம் வெளிறிப்போனது. ஒப்பந்தத் தாளை எடுத்துப் புரட்டினார். "கடல் தாண்டிப் போயிடலாம். பத்து நாள் கழிச்சு. டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்தாக்கூட நஷ்டம் இதைவிடக் கம்மிதான்."

"சார், மாஸ்டர் வரமுடியாது சார்."

"வேற ஆளா இல்ல? மூலையில நிக்க ஒரு கூலி ஆள் கிடைக்கமாட்டானா?"

கூலி ஆள். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்ததுதான் தாமதம், பயம் போய்க் கோபம் வந்தது. புருஷன்மேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். இத்தனை வருஷம் அடுத்தவர் சொன்ன எண்ணை ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்தவள், இவர் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக்கொண்டாளே! மூச்சை இழுத்துவிட்டு ரிங் பூட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"இதை ஒண்ணரை அடி கிழக்க நகத்தணும்."

"கழட்டி மாட்டணும்னா சாயங்காலம் ஆயிடும்மா."

"கழட்ட வேணாம். தரையில ஆணி அடிச்சிருக்கா?"

"இல்ல. கனத்துலயே நிக்குது. நாலு டன்."

நாலாயிரம் கிலோ. அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி போடுகிறவர்கள், வாசல் காவல்காரர்கள், மாஸ்டரிடம் பயிலும் தடியன்கள், விளக்குக்காரர்கள். எண்ணிப் பார்த்தால் எழுபத்தொன்று. "எண்பது பேர் இருந்தா ஆளுக்கு அம்பது கிலோ" என்றாள் உரக்க. "அம்பது கிலோ தூக்க முடியாதவன் யாராவது இருந்தா இப்பவே சொல்லுங்க!"

அவ்வளவு ஆண்பிள்ளைகள் நடுவில் யார் வாயைத் திறப்பான்?

ஒன்பது பேர் குறைந்தார்கள். அதற்குள் சாம்பியனின் மேலாளர் தன் ஆட்களோடு வந்து என்ன கூத்து என்று பார்த்தார். உச்சியில் முடியைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் எல்லோரும் அவரைக் குடுமி என்றார்கள். மொழிபெயர்க்கிற பெண் விஷயத்தைச் சொன்னாள். இன்னும் பத்து நாள் தன் ஆட்களுக்கு ஓட்டலில் தீனி போடவேண்டும் என்பது மண்டையில் ஏறியதும் குடுமி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவரோடு வந்த எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். எண்பது சரியாக வந்தது.

உடை மாற்றும் அறையிலிருந்து சுருட்டையும் வெளியே வந்தான். "அக்கா, நானும் ஒரு கை—"

"கை வச்சே, கையை ஒடிச்சுடுவேன். உள்ள போடா!"

உலகப் பட்டத்துக்கு மோதப் போகிறவன் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

மாஸ்டரும் குனியப் பார்த்தார். கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது. "நீங்க எண்ணுங்க, போதும்" என்றாள். மாஸ்டர் எட்ட நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணு! ரெண்டு! தூக்கு!" ரிங் ஒரு விரற்கடை எழும்பி நகர்ந்து தொம்மென்று உட்கார்ந்தது. மறுபடி எண்ணினார். மறுபடி. யாரோ ஒருத்தன் கால்சட்டை டர்ரென்று கிழிந்தது. சிரித்தவனை மேஸ்திரி திட்டினார். குடுமி தன் பாஷையில் எதையோ கத்தினார். கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கவேண்டும், மொழிபெயர்க்கிற பெண் வாயை மூடிக்கொண்டாள். முதலாளிகூட ஒரு மூலையில் கைவைத்துத் தள்ளுவதுபோல் பாவனை செய்தார். ஒரு வரிசை நாற்காலி போனதைப் பற்றி அன்றைக்கு அவர் மூச்சே விடவில்லை.

விளக்குக்காரன் மேலே ஏறி நாலு விளக்கைத் திருப்பினான். போட்டி மேற்பார்வையாளர் ரிங்குக்குள் நடந்து பார்த்து, நிழல் விழவில்லை என்றார். மணி பதினொன்றே கால். அதிகாரி முட்டி போட்டு நாடாவை வைத்தார். எண்பத்து நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அஞ்சு அங்குலம் உள்ள இருக்கு" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "நல்லவேளைம்மா. மச்சினனுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆடிட்டரம்மா அங்கேயே ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மாஸ்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்து திருட்டுப் பூனைமாதிரி பக்கத்தில் நின்றார். "இனிமே வெளியயும் சேத்து அளக்கறேம்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, கட்டிக்கொண்டாயிற்று.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. அவள் ரிங்கைப் பார்க்கவில்லை. தம்பி மூலையில் இரண்டடிப் பலகையில் ஒற்றைக் கண்ணோடு நிற்கும் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து சுற்று சுருட்டைதான் ராஜா. கூட்டம் கூரையைப் பிய்த்தது. ஆறாவதில் சாம்பியன் விழித்துக்கொண்டான். ஏழாவதில் சுருட்டையின் புருவம் கிழிந்தது. எட்டாவதில் அவன் அடிவாங்கினான், திருப்பியும் அடித்தான், நிற்கத்தான் செய்தான். நடுவர் நிறுத்தவில்லை, கூட்டம் விடவில்லை. பட்டத்துக்கு இன்னும் நாலே சுற்று.

அப்போது மாஸ்டர் தலையைச் சாய்த்து எதையோ கேட்பதை அவள் பார்த்தாள். அடுத்த நொடி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே விழுந்தது.

மூலையிலிருந்து துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்துவதாக அர்த்தம். மண்டபம் ஊளையிட்டது. பாட்டில்கள் பறந்தன. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். முப்பது வருஷ உழைப்பு, உலகப் பட்டம், எல்லாம் அந்தத் துண்டோடு போயிற்று. ஆடிட்டரம்மாவுக்கோ வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. தம்பி தோற்றதற்கு எந்த அக்காவாவது இப்படிச் சந்தோஷப்படுவாளா? அவள் பட்டாள். தன் காலால் படியிறங்கி வந்தவனைப் பார்த்துப் பார்த்துப் பட்டாள்.

உடை மாற்றும் அறையில் டாக்டர் அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லிப் போனார். சுருட்டை மேசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிக்கத்தானே செஞ்சேன் மாமா? ஏன் போட்டீங்க?"

"உன் இடது குதிகால் தேயற சத்தம் கேட்டுச்சு மாப்ள" என்றார் மாஸ்டர். "கால் தளந்துடுச்சுன்னு அர்த்தம். கண்ணுதான் போச்சு, காது இருக்கில்ல? அடுத்த அடி வாங்கியிருந்தா நீ எந்திரிச்சிருக்க மாட்ட." அவன் தோளில் கையை வைத்தார். "கோவப்படு. எவ்வளவு நாள் வேணா கோவப்படு."

சுருட்டை வெகுநேரம் கையில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துக்கொண்டே இருந்தான். பிரித்து முடித்ததும் வீங்கிய உதட்டோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, தோத்தவன் சம்பளத்துக்கும் வரி உண்டா?"

"உண்டுடா" என்றாள். "இந்த வருஷம் கட்டணும், அடுத்த வருஷம் கட்டணும், கிழவனாகி பல்லு போனப்பறமும் கட்டணும். வருஷா வருஷம் நான்தான் கணக்கு எழுதித் தருவேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தம்பியின் வியர்வை நாறும் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவள் அழுது தீர்த்தாள்.